பூட்டியவனின் சம்மதம்

“என் மண்டைக்குள்ள இருக்கத நான் நெனைக்கதுக்கு எவன்ட்ட கையெழுத்து வாங்கணும்?”

பிரகாசியின் குரலுக்கு அந்த அலுவலகத்தில் காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரும்பாலும் அவளைப் போல அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோருடைய இடது காதுக்குப் பின்னாலும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தகடு ஒன்று தெரிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தாரணி, அந்த வாரத்தில் இதே கேள்வியை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டவள். “அம்மா, இது எங்க கம்பெனி போட்ட ரூல் இல்ல. சட்டம். தடம் கம்பெனிய மூடிட்டாங்க. மே முப்பத்தொண்ணாம் தேதியோட உங்க காதுக்குப் பின்னால இருக்கிறது ஓடாது. அதுக்குள்ள நீங்க பேழைங்கற புது மெஷினுக்கு மாறியாகணும்.”

“மாறாட்டா?”

தாரணி தயங்கினாள். “பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காதும்மா.”

அது பிரகாசிக்குத் தெரியாததல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஐந்து மாதம் அவள் அப்படித்தான் கிடந்தாள். தூத்துக்குடியில் அவள் வேலை பார்த்த இறால் கம்பெனியில் அமோனியா வாயு கசிந்து, மூச்சு முட்டி, மூளைக்குக் காற்றுப் போகாமல் போனதில் புதிதாக எதையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளும் சக்தியை இழந்தாள். விபத்தும், அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும்கூடச் சேர்ந்து அழிந்துபோயின. ‘தடம்’ வைத்த பிறகுதான் அவள் மறுபடியும் மனுஷியானாள். பார்ப்பதையும் கேட்பதையும் முகர்வதையும் அது வாங்கி வைத்துக்கொண்டு, அவள் நினைக்கும்போது திருப்பிக் கொடுத்தது. இத்தனை வருடத்தில் எது தன் மூளை, எது தடம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

“மாறுதேன். அதுக்குத்தான் வந்திருக்கேன். பழசத் தூக்கிப் புதுசுல போடுங்க. அதுக்கு எதுக்கு ஊர்ல உள்ளவன் சம்மதம்?”

“பழைய மெஷின்ல ஏறினது சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏறினது. இப்போ ஒருத்தரோட முகம், குரல், பேரு மூணும் அவங்களுக்குத்தான் சொந்தம். நீங்க அவங்கள உங்க பேழைல வச்சுக்கணும்னா அவங்க சம்மதிக்கணும். மறுத்துட்டா அவங்க வர்ற இடத்த எல்லாம் திரும்ப வராதபடி வெட்டிடுவோம். அதுக்கப்புறம் யாராவது அவங்க பேரச் சொன்னாக்கூட உங்க பேழை வச்சுக்காது.”

“என்னைய ஒருத்தன் அறுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்னு வையி. அவன்ட்டயும் போயி, ஐயா ஒங்கள நெனைச்சுக்கிடட்டுமான்னு கேக்கணுமா?”

“ஆமாம்மா.”

“அவன் சரின்னு சொல்லுவானா?”

“நான் வேலைக்குச் சேர்ந்தே மூணு மாசம்தான் ஆகுது” என்றாள் தாரணி மெதுவாக.

பிரகாசிக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. யாரிடம் கத்தினாலும் அந்த ஆள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கிறார். கத்த வேண்டியவன் எந்த ஊரில் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறான் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

தாரணி ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள், பஸ்ஸில் உடன் வந்தவர்கள் எல்லாம் தாமாகவே மங்கலாகிவிடுவார்களாம். அவர்கள் போக, பத்தொன்பது வருட வாழ்க்கையில் பிரகாசிக்கு மிஞ்சியவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். கையில் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரமும் அவளும் கணவன் கஸ்பாரும் படியேறி இறங்கினார்கள். துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் கஸ்பார். பேசத் தெரியாது, நடக்கத் தெரியும். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே வந்தார்.

கோயில் பாடகர் குழுவில் பாடியவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அடுத்த தெரு ஸ்டெல்லா, “ஒன்னயப் பத்தி நான் புறணி பேசுனதும் அதுல இருக்கும்லா?” என்று கேட்டாள். இருக்கும் என்றதும் ஒரு நாள் முழுக்க யோசித்து, “சரி, இருந்துட்டுப் போவுது” என்று விரலை வைத்தாள். மகளிர் குழுவில் உடன் இருந்த ஒருத்தி மறுத்துவிட்டாள். ஒரு காலத்தில் பிரகாசியின் மடியில் படுத்து அழுதவள் அவள். “அந்த அழுகை எங்கயும் இருக்க வேண்டாம்க்கா” என்றாள். பிரகாசிக்கு அவள் சொன்னது புரிந்தது. புரிந்தும் கோபம் வந்தது. ஒரு மனுஷி தன்னை விட்டு முழுதாக எழுந்து போவதைப் போல இருந்தது.

சென்னையில் இருக்கும் மகன் ரெக்ஸ், செய்தி போன இரண்டாவது நொடியில் சம்மதம் அனுப்பிவிட்டான்.

“என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை படிச்சானா? ஆத்தா தன்னைய நெனைச்சுக்கிடட்டுமான்னு கேக்கா, ஆர்டர் பண்ணுன பிரியாணி வந்துட்டுதான்னு கேட்டதுக்குச் சொல்லுத மாதிரி ஆமான்னு அமுக்கிட்டான்” என்று அதற்கும் சத்தம் போட்டாள்.

மே இருபத்தாறாம் தேதி தாரணி அனுப்பிய புதிய பட்டியலில் கஸ்பாரின் பெயருக்கு எதிரே ‘பகுதிச் சம்மதம்’ என்று இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் விலக்கப்பட்டிருந்தது. பதிமூன்று வருடங்களுக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி.

கஸ்பார் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் பட்டியலை அவர் முன்னால் நீட்டினாள்.

“இது என்ன தேதி?”

“ஒனக்குத் தெரியும்லா.”

“நீங்க சொல்லுங்க.”

அவர் கையில் இருந்த பூண்டை வைத்தார். “நான் ஒன்னய அடிச்ச தேதி.”

தங்கை செத்த வழக்குக்காக வக்கீலைப் பார்த்துவிட்டு அவள் பொழுது சாய்ந்து வீடு திரும்பிய நாள் அது. ‘கேஸ் கேஸுன்னு செத்தவளுக்கே வாழுத, இருக்கவனுக்கு வாழ மாட்டியா’ என்று கத்திக்கொண்டு கன்னத்தில் அறைந்தார். நினைத்தவுடன் அவளுக்கு அவருடைய கையின் கிரீஸ் வாடைகூட வந்தது. தடம் எதையும் குறைத்துக் கொடுக்காது.

“அத எடுத்துட்டா நீங்க நல்லவராயிருவியளோ?”

“இல்ல, பிரகாசி.” அவர் தலையைத் தூக்கவில்லை. “மத்த பொம்பளையளுக்கு அடி வாங்குனது நாள் போகப் போக மங்கிப் போவும். ஒனக்கு மங்காது. எந்தச் சண்டை வந்தாலும் அன்னைக்கு நான் சொன்னத வார்த்தை மாறாமத் திருப்பிச் சொல்லுத. பதிமூணு வருஷமா எனக்கு அது நேத்து நடந்த மாதிரியே இருக்கு. எனக்கு அதுலருந்து விடுதலையே கெடையாதா?”

“அடி வாங்கினவ நான். விடுதலை ஒங்களுக்கா?” அவள் பட்டியலைத் தரையில் எறிந்தாள். “மறுநாளே நீங்க ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயி ஒரு மாசம் கெடந்திய. என் மூஞ்சில முழிக்கதுக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லி அனுப்புனிய. நான் வந்து கூப்புட்ட பெறவுதான் வந்திய. அடிச்ச நாள வெட்டிட்டா, அந்த ஒரு மாசம் எதுக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? காரணமே இல்லாம என்னைய விட்டுட்டுப் போனவன்னுதான நெனைப்பேன்? சொல்லுங்க.”

கஸ்பார் எழுந்து கையைக் கழுவி, துடைத்துவிட்டு, செல்போனை எடுத்து விரலை வைத்தார். பகுதி என்பது முழுமை என்று மாறியது. அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் கடைசிப் பெயருக்குப் பதில் வந்தது. சிவகுருநாதன். மறுப்பு.

அந்தப் பெயருக்காகத்தான் பிரகாசி பேழைக்கு மாறுவதையே பொறுத்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த அன்று பதினொரு பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி பிரகாசியின் தங்கை மெட்டில்டா. வாயு முன்வாசல் பக்கம் கசிந்ததால் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு திறந்துதான் இருந்தது, பெண்கள் பதற்றத்தில் வழி தவறிவிட்டார்கள் என்று விசாரணை அறிக்கை சொல்லியது. வழக்கு மூடப்பட்டது.

ஐந்தாவது மாதம் மேனேஜர் சிவகுருநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். விபத்துக்கு எட்டு மாதம் முன்புதான் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதனால் பிரகாசிக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுக்கைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு நாற்பது நிமிடம் பேசினார்.

“பின்கதவப் பூட்டினது நான்தான் பிரகாசி. இறால் திருட்டுத்தனமா வெளிய போகுதுன்னு மேல இருந்து தினமும் திட்டு. மத்தியானம் நானே பூட்டி, சாவிய என் சட்டைப் பைல போட்டுக்கிட்டேன். கதவத் தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. போகலை. பயந்துட்டேன். அப்புறம் அதிகாரிங்க வர்றதுக்குள்ள திறந்து வச்சேன்.” அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யார்கிட்டயாவது சொல்லலைன்னா செத்துடுவேன் போல இருந்துச்சு. உனக்குப் பத்து நிமிஷத்துல மறந்துடும். அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்.”

நான்கு நாள் முன்புதான் அவள் காதுக்குப் பின்னால் தடத்தைப் பொருத்தியிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தலைக்கட்டு அதை மறைத்திருந்தது.

அவள் மறக்கவில்லை. ஆனால் தடம் அவள் தலைக்குள்தான் ஓடும். அதில் இருப்பதை வெளியே எடுத்து இன்னொருவருக்குக் காட்ட முடியாது. மூளை பாதிக்கப்பட்ட பெண் எதையோ கற்பனை செய்கிறாள் என்று கோர்ட்டில் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அவள் அதைச் சுமந்தாள். பேழையில் இருப்பதைத் திரையில் போட்டுக் காட்டலாம், கோர்ட்டும் அதைச் சாட்சியாக ஏற்கிறது என்று தெரிந்ததும் வக்கீல் முபாரக் மேல்மனு போட்டார். ஆகஸ்டில் விசாரணை.

மறுப்பு வந்த செய்தியை அவள் முபாரக்கிடம் போனில் சொன்னாள்.

“மறுக்க அவருக்கு உரிமை இருக்கும்மா. குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு அந்த உரிமை இல்லைன்னு சட்டத்துல ஒரு வரி எழுதிருக்கலாம். எழுதல.”

“எழுதுனவன் எவன்?”

“படிச்சவங்கதான்.”

“கொன்னவன்ட்டயே போயி சாட்சிக்குக் கையெழுத்து வாங்கிட்டு வான்னு ஒரு சட்டம். அத எழுதுனவன் படிச்சவன். த்தூ.”

மே இருபத்தொன்பதாம் தேதி காலையில் அவளும் கஸ்பாரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் சிவகுருநாதனின் மகள் ஹரிணி. ஐம்பதை நெருங்கும் வயது. பிரகாசி பெயரைச் சொன்னதுமே முகம் இறுகிவிட்டது.

“மறுப்புக் கொடுத்தது நான்தான். அப்பாவுக்கு மறதி நோய். ரெண்டு வருஷமா அவருக்காக நான்தான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுறேன். பத்து நாள் முன்னாடிதான் அவருக்கும் பேழை வச்சிருக்கோம். இப்பத்தான் காலைல சாப்பிட்டது சாயங்காலம் ஞாபகம் இருக்கு. தயவுசெஞ்சு போயிடுங்க.”

“அவருக்கு மட்டும் ஞாபகம் வரணும். எனக்குப் போவணும். அப்பிடித்தான?”

ஹரிணி வாயைத் திறப்பதற்குள் பிரகாசி உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் ஒரு மெலிந்த கிழவர் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் புதுத் தகடு மினுங்கியது. வழியெல்லாம் பிரகாசி மனத்தில் கட்டிக்கொண்டு வந்த ஆள் இவரல்ல. இவரை ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுவார். அதுவே அவளுக்குக் கோபத்தைக் கூட்டியது. இத்தனை வருடம் கழித்து இப்படியா வந்து உட்கார்ந்திருப்பது?

“யாரும்மா?” என்றார் கிழவர்.

“பிரகாசி.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நேற்று நடந்ததை மறக்கும் நோய், நெடுநாளைக்கு முந்தையதைத் தொடுவதில்லை. “இறால் உரிக்கிற பீலிங் ஹால் சூப்பர்வைசர் பிரகாசியா?”

“அவதான். மெட்டில்டாவோட அக்கா. மெட்டில்டா தெரியுமா? இருபத்தாறு வயசு. பின்கதவுகிட்ட கெடந்தவ. அவ பக்கத்துல சகாயமேரி. அவளுக்கு அடுத்தாப்புல லில்லி, முத்துக்கனி, பேச்சித்தாய். வடக்கருந்து வந்த பிள்ளைய ரெண்டு, மீரா, சுனிதா. ஜெயந்தி, ரெஜினா, பாத்திமுத்து, வாயும் வயிறுமா இருந்த தமயந்தி.” ஒவ்வொரு பெயருக்கும் அவள் குரல் ஏறியது. குனிந்து அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டாள்: “பூட்டினது யாரு? சொல்லும். பின்கதவப் பூட்டினது யாரு?”

கிழவரின் கை மெதுவாக எழுந்து தன் சட்டைப் பையைத் தடவியது. உள்ளே எதுவும் இல்லை. பைக்குள் விரலை விட்டுத் தேடினார்.

“நான்தான்” என்றார். “மத்தியானம் பூட்டினேன். அவங்க தட்டுனாங்க. எனக்குக் கேட்டுச்சு.” பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, ரகசியம் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். “நீ யார்கிட்டயும் சொல்லலியே? உனக்கு மறந்துடும்னாங்களே?”

“பத்தொம்பது வருஷமா சொல்லுதேன். ஒருத்தன் நம்பல.”

“அப்பா, பேசாதீங்க.” ஹரிணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை. இதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள் என்பது வாசலில் நின்ற கஸ்பாருக்கே தெரிந்தது.

பிரகாசி அவள் பக்கம் திரும்பினாள். “கேட்டியாம்மா? இப்ப அந்த மறுப்ப எடு. ஒன் அப்பா ஜெயிலுக்குப் போவ மாட்டாரு. இந்த வயசுல எவனும் அனுப்ப மாட்டான். அந்தப் பதினோரு பேரும் வழி தெரியாமச் செத்தாளுவன்னு எழுதி வச்சிருக்கத அழிக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க.” ஹரிணி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். “அவங்க தாத்தா மேல உயிரா இருக்காங்க. என்னால முடியாது. போங்க. இல்லைன்னா போலீசக் கூப்பிடுவேன்.”

மே முப்பத்தொன்றாம் தேதி, தகட்டை மாற்றும் மேசையில் படுக்கும் முன் பிரகாசி கணவனின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“எழும்பும்போது எனக்கு இது தெரியாது. நீங்க மறந்துறாதிய.”

“மாட்டேன்” என்றார் கஸ்பார்.

பேழை நல்ல மெஷின் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிரகாசிக்கு அது வாடகை வீட்டில் இருப்பதைப் போல இருந்தது. தடத்தில் நினைத்தவுடன் நினைவு வந்து நிற்கும். இது ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்களைக் காட்டி, ‘இவற்றில் எதைத் தேடுகிறீர்கள்?’ என்று கேட்டது. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று நினைத்தால், அதற்குள் மூன்று நாள் குழம்பைக் காட்டியது. ஒரு மாதத்தில் பழகிவிடும் என்றாள் தாரணி. “அறுபத்தொரு வயசுல மறுபடி நடக்கப் பழகச் சொல்லுதியா?” என்று பிரகாசி அவளைத் திட்டினாள்.

அவளுக்குத் தங்கை செத்தது தெரிந்தது. வாயுக் கசிவு தெரிந்தது. ஆனால் யாரோ கதவைப் பூட்டினார்கள் என்பது இல்லை. வக்கீல் முபாரக்கின் முகம் ஞாபகம் இருந்தது. அவரிடம் எதற்காக இத்தனை தடவை போனோம் என்பது இல்லை.

கஸ்பார் முதல் நாள் காலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் துடித்து எழுந்து கையில் இருந்த தட்டைச் சுவரில் அடித்தாள். பத்து நிமிடத்தில் பெயர் போய்விட்டது. தரையில் கிடந்த இட்லியைப் பார்த்துக்கொண்டு, “எதுக்குங்க எனக்கு இப்பிடிப் படபடன்னு வருது? யாரு மேல எனக்குக் கோவம்?” என்று கேட்டாள்.

மறுநாள் பெயரைச் சொல்லாமல் ‘அந்த மேனேஜர்’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்பதைப் பேழை கண்டுபிடித்துக்கொண்டது. அதையும் வெட்டியது. மூன்றாம் முறை சொன்னபோது அவள் தரையில் விழுந்து மெட்டில்டா இன்றைக்குச் செத்ததுபோல அழுதாள். அதன் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவளை அறைவதுபோல இருந்தது.

நினைவு போனாலும் கோபம் போகவில்லை. கோபம் இருந்த இடம் வேறு போலும். பழைய இறால் கம்பெனி ரோட்டில் ஆட்டோ போனால் அவள் கை தானாக மூடிக்கொண்டது. அந்தக் கோபத்துக்கு முகம் இல்லாததால் கிடைத்தவர்கள் மேலெல்லாம் பாய்ந்தது. பேழை வைத்திருக்கும் மற்றவர்களிடமிருந்து அவளுக்கு வரும் அனுமதிக் கோரிக்கைகளை ஒன்றுவிடாமல் மறுத்தாள். “எவனோ மண்டைல நான் எதுக்கு இருக்கணும்?”

ஜூன் கடைசியில் ஒரு காலை, அப்படி இன்னொரு கோரிக்கை வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

“சிவகுருநாதன், வயது எழுபத்தொன்பது. மே இருபத்தொன்பது அன்று தமது பேழையில் பதிவாகி, உங்கள் பதிலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ள உங்கள் முகத்தையும் குரலையும் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார். அனுமதி கேட்பதன் மூலம், உங்கள் தொடர்பாக முன்பு பதிவான மறுப்பை அவர் திரும்பப் பெறுகிறார். நீங்கள் மறுத்தால் அந்தப் பதிவு நிரந்தரமாக அழிக்கப்படும்.” அவள் முகம் சிவந்தது. “யாருங்க இவன்? பேரப் படிச்சாலே எரிச்சலா வருது.”

அவள் விரல் ‘மறுப்பு’ என்ற இடத்துக்குப் போயிருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கஸ்பார் ஈரச் சட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அமுக்காத. பிரகாசி, கையெடு. அமுக்காத.”

“கைய விடுங்க. அடிக்கப் போறியளா?”

“ஒக்காரு. நான் சொல்லுதேன். அவரே மறுப்ப எடுத்துட்டாரு, இன்னைக்கு ஒனக்கு நிக்கும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கிப் பாளையங்கோட்டை வரை சொன்னார். அவள் எப்படிக் குனிந்து கையை நீட்டினாள், கிழவர் எப்படிப் பையைத் தடவினார் என்பதுவரை. வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. அவள் நடுவில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முடிந்ததும் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து.

“பின்கதவப் பூட்டினது யாரு?” என்று கேட்டார் கஸ்பார்.

“சிவகுருநாதன்” என்றாள் பிரகாசி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பேழை வைத்து ஒரு மாதம் கழித்து டாக்டர் கிழவரைச் சோதித்து, இனிமேல் தன் காரியங்களை அவரே முடிவு செய்யலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார் என்பது பிறகு முபாரக் விசாரித்துச் சொன்னது. கோரிக்கையை அனுப்பியது அவர்தான். மகள் எவ்வளவோ தடுத்தும் தன் விரலாலேயே அனுப்பினாராம்.

“ஏன் அனுப்புனாருன்னு தெரியலம்மா” என்றார் முபாரக்.

“என்னவும் இருக்கட்டும்” என்றாள் பிரகாசி. சம்மதத்தை அவள் முதல் நாளே அமுக்கியிருந்தாள்.

ஆகஸ்டில், முபாரக் கேட்டுக் கோர்ட் வரவழைத்த அந்தப் பதிவைத் திரையில் போட்டார்கள். கிழவரின் பேழையில் இருந்தது என்பதால் எல்லாமே அவருடைய கண் வழியாகத் தெரிந்தது. பத்திரிகை கீழே இறங்குகிறது. வாசல் பக்கமிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் வருகிறாள். குனிகிறாள். திரை முழுக்க அவள் முகம். கழுத்து நரம்பு புடைக்க, பதினொரு பெயர்களைச் சொல்கிறாள். பிரகாசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இவ்வளவு கோபமாக ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று தோன்றியது. கூடவே, சரியாகத்தான் கேட்கிறாள் என்றும் தோன்றியது.

“நான்தான். மத்தியானம் பூட்டினேன்” என்றது திரையிலிருந்து வந்த குரல். “நீ யார்கிட்டயும் சொல்லலியே?”

முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த சிவகுருநாதன் தன் குரலைத் தானே தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஹரிணி அவர் கையைப் பிடிக்கவுமில்லை, விலகி உட்காரவுமில்லை.

அன்றே வழக்கைத் திரும்ப எடுக்கவும், பழைய விசாரணை அறிக்கையை ரத்து செய்யவும் உத்தரவானது. அதற்கு முன் நீதிபதி பிரகாசியை எழுந்து நிற்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“திரையில இருக்கிறது நீங்கதானா?”

“நான்தான்.”

“இந்தச் சந்திப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

பிரகாசி முன்வரிசையைப் பார்த்தாள். கிழவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“இல்லய்யா. எனக்கு இல்ல. என்கிட்டருந்து வெட்டி எடுத்துட்டாவ” என்றாள். “அவருக்கு இருக்கு. சாவுற வரைக்கும் இருக்கட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன்.”